உயிரணுவில் ஒரு பாகப்பிரிவினை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் உயிரணுவைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கக்கூடும். இலக்கணமும் காப்பியமும் இடம்பெற வேண்டிய பக்கங்களில் குரோமோசோம்களைக் கொண்டுவந்து நிறுத்துவதற்கு நமக்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதற்கண் கூறிவிடுதல் நலம்.

நம்மிடம் பயின்று பட்டம் பெற்ற மாணவி ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவருக்கு முதற்குழந்தை பிறந்து நாற்பது நாள் கழிந்திருந்தது. குழந்தையின் முகச்சாயலையும் தசைகளின் தளர்ச்சியையும் கண்டு ஐயுற்ற மருத்துவர் குருதிச் சோதனைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். வந்த அறிக்கையில் குரோமோசோம்களின் எண்ணிக்கை 47 என்றும், 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று உள்ளன என்றும் கண்டிருந்தது. இந்நிலைக்கு டவுன் சின்ட்ரோம் என்று பெயர். டவுன் என்பது தாழ்வைக் குறிக்கும் சொல் என்று பலரும் எண்ணுகின்றனர். அஃது அன்று, 1866இல் இதனை விரித்தெழுதிய ஜான் லாங்டன் டவுன் என்னும் ஆங்கில மருத்துவரின் பெயரே அது.

அவ்வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் ஆயத்தமாக இருந்தது. கருவுற்றிருந்தபோது கிரகணத்தன்று மாடியில் நின்றாள் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். அம்மாணவி தம் தந்தையின் உடன்பிறந்தாள் மகனையே மணந்தவர். ஆதலின் சொந்தத்தில் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று பெரியவர் ஒருவர் முடிவுரை வழங்கினார். மாமியார், பிள்ளைப்பேற்றுக் காலத்தில் மருமகள் மருந்தைச் சரிவர உண்ணவில்லை என்றார். விடைபெற்று வெளியே வந்தபோது வாசல்வரை வந்த அப்பெண், "ஐயா, நான் என்ன தவறு செய்தேன்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "ஒரு தவறும் இல்லையம்மா" என்றோம். ஏன் இல்லை என்று எடுத்துரைக்கும் அறிவு அன்று நம்மிடம் இல்லை. வெறும் ஆறுதலாகவே அச்சொல் அவர் செவியில் விழுந்திருக்கும்.

கிரகணத்தைப் பற்றி மட்டும் அன்றே விடை கூறியிருக்கலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் நிகழ, மக்கள் அதனை அவ்விறப்போடு இணைத்துப் பேசினர். எவருடைய இறப்புக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் நேர்வதில்லை என நாயகம் அவர்கள் மறுத்துரைத்த செய்தி நம் பெரியவர்கள் அறியாதது அன்று. இறைவனின் நாட்டம் என்று கூறி மனம் அமைதியுறுதல் வேறு; அந்நாட்டத்திற்கு ஒரு பெண்ணைப் பொறுப்பாளியாக்குதல் வேறு. எனினும் பிற காரணங்களுக்கு விடை சொல்ல, குரோமோசோம்கள் எவ்வாறு சுருள்கின்றன, எவ்வாறு பிரிகின்றன என்று அறிந்தாக வேண்டும். விலங்கியல் துறை நண்பர்களைக் கேட்டும் நூல்களைத் தேடியும் நாம் கற்றதனை இங்கே கூறுகிறோம்.

நம் உடலின் உயிரணு வகைகளுள் பெரும்பாலானவற்றில் உட்கரு என்னும் சிறு கோளம் உண்டு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 6 முதல் 10 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். கண்ணுக்குப் புலப்படாத அச்சிமிழுக்குள் தாய்வழி 23, தந்தைவழி 23 என 46 டி.என்.ஏ. இழைகள் உள்ளன. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைத்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம் வரும். அவற்றுள் நெடியதான முதலாம் குரோமோசோமின் இழை மட்டுமே எட்டு சென்டிமீட்டருக்கு மேல். உயிரணு இரண்டாகப் பிரியும் முன்னர் இவ்விழைகள் அனைத்தும் படியெடுக்கப்படுகின்றன. அப்போது 92 இழைகள், நான்கு மீட்டர் நீளம், யாவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிலை. இவற்றைச் சிக்கெடுத்து, படிக்கு ஒன்றாகப் பிரித்து, இரு புறமும் பழுதின்றிக் கொண்டுசேர்க்க வேண்டும். வளர்ப்புக் குடுவையில் பிரியும் மனித உயிரணு இதனை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செய்து முடித்துவிடுகிறது.

இந்நிகழ்ச்சியை முறையாகக் கண்டு எழுதியவர் ஜெர்மனியின் கீல் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய வால்தர் ஃபிளெமிங். சாலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் இளவுயிரிகளில் உயிரணுக்கள் பெரியவை. அவற்றைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து, உட்கருவின் பொருள் நூலிழைகளாகத் திரள்வதையும் அவ்விழைகள் நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து அகல்வதையும் அவர் வரைந்து காட்டினார். 1882இல் அவர் வெளியிட்ட நூலில் இப்பிரிவுக்கு மைட்டாசிஸ் எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் மைட்டோஸ் என்றால் நூல். நம் மொழியிலோ நூல் என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். மரபுச் செய்தி முழுவதும் எழுதப்பெற்ற ஓர் இழைக்கு இதனினும் பொருந்திய சொல் எம்மொழியில் உண்டு?

குரோமோசோம் என்னும் பெயர் 1888இல் வால்டேயர் என்பார் இட்டது. நிறமேற்கும் உடல் என்பது அதன் பொருள். தமிழில் நிறப்புரி என்றும் இலங்கைப் பாடநூல்களில் நிறமூர்த்தம் என்றும் வழங்குவர். முறுக்கிய கயிற்றின் ஒவ்வோர் இழையும் புரி எனப்படுமாதலால், நிறப்புரி என்பது மூலச்சொல்லைக் காட்டிலும் பொருத்தமானது என்பது நம் கருத்து. ஆயினும் மருத்துவர் எழுதும் சீட்டில் குரோமோசோம் என்றே வருகிறது. இங்கும் அவ்வாறே வழங்குகிறோம்.

இனி, சுருளும் முறையைக் காண்போம். பிரிவு நேராத காலத்திலும் டி.என்.ஏ. இழை வெறுமனே கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் எட்டுச் சேர்ந்த சிறு உருளையின்மேல் அது இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றப்பட்டு, அடுத்த உருளைக்குச் சென்று, மீண்டும் சுற்றப்பட்டு, மணிகோத்த மாலைபோல் நிற்கிறது. ஓர் உருளையில் சுற்றப்படுவது 147 எழுத்திணைகள். இதனால் நீளம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும், அவ்வளவே. ஆனால், பிரிவுக்கு ஆயத்தமாகி நிற்கும் முதலாம் குரோமோசோமின் நீளம் பத்து மைக்ரான் அளவே இருக்கும். எட்டு சென்டிமீட்டர் பத்து மைக்ரானாக வேண்டுமெனில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறுக வேண்டும். எஞ்சிய சுருக்கத்தைச் செய்வது யாது என்ற வினாவுக்கு ஃபிளெமிங் காலத்திற்குப் பின் நூறாண்டு கடந்தும் தெளிவான விடை கிட்டவில்லை.

1997இல் தட்சுயா ஹிரானோவும் அவர்தம் குழுவினரும் ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் சாற்றில் ஒரு புரதத் தொகுதியைப் பிரித்தெடுத்தனர். அதனை நீக்கிவிட்டால் குரோமோசோம்கள் உருப்பெறவில்லை, சேர்த்தால் உருப்பெற்றன. கன்டென்சின் என்று அதற்குப் பெயரிட்டனர். அது வளையம் போன்ற வடிவுடையது. டி.என்.ஏ. இழையின் ஓரிடத்தைப் பற்றிக்கொண்டு, அருகிலுள்ள இழையை இழுத்து இழுத்துக் கண்ணியாக வெளித்தள்ளுகிறது. நூல் கண்டு போடுவோர் ஒரு விரலில் நூலை நிறுத்தி மறு கையால் இழுத்து மடி மடியாகச் சேர்ப்பதை ஒப்ப இதனை எண்ணிக்கொள்ளலாம். இவ்வாறு கண்ணி உருவாவதை 2018இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள், ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, தனியொரு டி.என்.ஏ. இழையில் நேரே கண்டு படம்பிடித்தனர். நொடிக்கு 1500 எழுத்திணைகள் வரை இழுக்கும் வேகத்தை அவர்கள் அளந்தனர். பெருங்கண்ணிகளும் அவற்றினுள் சிறுகண்ணிகளுமாக ஆயிரக்கணக்கில் ஓர் அச்சைச் சுற்றி அடுக்கப்படும்போது, குழைந்து கிடந்த இழை கோல்போல் உறுதி பெறுகிறது.

இச்சுருக்கத்தின் பயன் நீளத்தைக் குறைப்பது மட்டுமன்று. படியெடுத்த இரு இழைகளும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னியிருக்கும். கன்டென்சின் இழுத்து இறுக்கும்போது சிக்குகள் வெளிப்படுகின்றன. டோப்போஐசோமெரேஸ் என்னும் நொதி அவ்விடத்தில் ஓர் இழையை வெட்டி, மற்றதனை அவ்வெட்டின் வழியே கடத்தி, வெட்டிய இழையை மீண்டும் பொருத்திவிடுகிறது. நெசவாளர் சிக்குண்ட பாவை அவிழ்க்கும் முறையினும் இது துணிவானது. சிக்கு அகலாமல் பிரிவு தொடங்கினால் இழை அறுபடும். அன்றி, இரு உயிரணுக்களுக்கும் இடையே பாலம்போல் மாட்டிக்கொள்ளும்.

இவ்வளவும் ஆயத்தமே. பங்கீடு இனிமேல்தான்.

நம் இல்லங்களில் பாகப்பிரிவினை நிகழும்போது சொத்தின் பட்டியல் ஒன்று இருக்கும். பெரியவர் ஒருவர் எண்ணிக் கணக்கிட்டுப் பிரிப்பார். உயிரணுவிலோ எண்ணுவார் எவரும் இலர். நாற்பத்தாறு இப்பக்கம் சென்றனவா, நாற்பத்தாறு அப்பக்கம் சென்றனவா என்று கணக்கிடும் உறுப்பு எதுவும் அதற்கு இல்லை. மேலும், இங்கே பங்கு என்பது பாதியன்று. இரு மக்களும் முழுச் சொத்தின் ஒவ்வொரு படியைப் பெறவேண்டும். ஒன்று குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. தியோடோர் பொவேரி என்னும் ஜெர்மானிய அறிஞர் 1902இல் கடல்முள்ளெலியின் முட்டைகளைக் கொண்டு இதனைக் காட்டினார். ஒரே முட்டையில் இரு விந்தணுக்கள் புகுந்தால் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பகிரப்படும். அவற்றினின்று வளரும் கருக்கள் பல்வகையில் பழுதுற்றன. ஆகவே ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தன்மை உடையது, ஒன்றற்கு மற்றொன்று ஈடாகாது என்பது தெளிவாயிற்று.

எண்ணத் தெரியாத உயிரணு பிழையின்றிப் பங்கிடுவது எங்ஙனம்? இவ்வினாவின் விடையே நம்மைப் பெரிதும் வியக்கச் செய்தது. பிரிக்க வேண்டியவற்றை அது முதலில் சேர்த்துக் கட்டிவைக்கிறது.

படியெடுக்கும் வேளையிலேயே, மூலப் படியும் புதுப் படியும் கொஹீசின் என்னும் மற்றொரு வளையப் புரதத்தால் இணைத்துக் கட்டப்படுகின்றன. பின்னர் உயிரணுவின் இரு முனைகளிலிருந்தும் நுண்குழல்கள் புறப்பட்டு நூற்கும் கதிரின் வடிவில் விரிகின்றன. அதனால் அவ்வமைப்பைக் கதிர் என்பர். ஒவ்வொரு படியின் இடைப்பகுதியிலும் கைனெட்டோகோர் என்னும் பற்றுக்கொக்கி உண்டு. கதிரின் குழல்கள் வந்து அக்கொக்கியைப் பற்றி இழுக்கும். ஒரு படியை வடமுனையும் மறுபடியைத் தென்முனையும் பற்றினால், இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கப்படும். ஆனால் கொஹீசின் கட்டு அவற்றைப் பிரியவிடாது. ஆகவே இடையில் ஓர் இறுக்கம் தோன்றும். இரு படிகளையும் ஒரே முனை பற்றிவிட்டால் இறுக்கம் தோன்றாது. தோன்றாவிடில் அப்பிடி நழுவிப் போகும். குழல்கள் மீண்டும் முயலும். இறுக்கம் ஏற்பட்ட பிடி மட்டுமே நிலைக்கும். கயிறிழுக்கும் போட்டியில் இரு புறமும் ஆள் நின்றால்தான் கயிறு விறைக்கும். அவ்விறைப்பைக் கையால் தொட்டே இரு புறமும் ஆள் உண்டு என்று கண்ணில்லாதவரும் கூறிவிடலாம். எண்ணத் தெரியாத உயிரணு செய்வதும் அதுவே.

இஃது ஊகமன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் நிக்லஸ் என்பார் மயிரினும் நுண்ணிய கண்ணாடி ஊசியால் உயிருள்ள அணுவின் குரோமோசோமைத் தொட்டு இழுத்துப் பார்த்தவர். வெட்டுக்கிளியின் அணுக்களில் தவறாகப் பற்றப்பட்ட குரோமோசோமை ஊசியால் இழுத்து இறுக்கம் கொடுத்தால், அத்தவறான பிடியே நிலைத்துவிடுவதை 1969இல் வெளியிட்டார். 1995இல் அவரும் லீ என்பாரும் கும்பிடுபூச்சியின் அணுக்களை ஆராய்ந்தனர். அவற்றில் சில வேளைகளில் ஒரு குரோமோசோம் இணையின்றித் தனித்து நிற்கும். இணையில்லாததால் இறுக்கமில்லை, இறுக்கமில்லாததால் அணு முழுவதும் பிரியாமல் காத்து நிற்கும். ஊசியால் அத்தனிக் குரோமோசோமை இழுத்துப் பிடித்ததும், அணு எல்லாம் சரியாயிற்று என்று எண்ணிப் பிரிவைத் தொடங்கிவிட்டது! ஒரு குரோமோசோம் பின்தங்கினாலும் பிற அனைத்தும் அதற்காகக் காத்திருக்கின்றன என்பது இதனால் பெறப்படும். இக்காவலை நடத்தும் மரபணுக்களை 1991இல் ஈஸ்ட் நுண்ணுயிரில் இரு குழுவினர் தனித்தனியே கண்டறிந்திருந்தனர்.

கடைசிக் குரோமோசோமும் சரியாகப் பற்றப்பட்டதும் காவல் தளர்கிறது. அதுவரை கட்டுண்டு கிடந்த செபரேஸ் என்னும் நொதி விடுபட்டு, கொஹீசின் வளையங்களை வெட்டிவிடுகிறது. இவ்வெட்டினை வியன்னா நகரில் நாஸ்மித் குழுவினர் 1999இல் நிறுவினர். கட்டறுந்ததும் படிகள் தத்தம் முனையை நோக்கி ஒருசேர விரைகின்றன. நாம் ஏன் இக்கட்டினை இவ்வளவு விரித்துரைத்தோம் எனின், பின்னர்க் கூறவிருக்கும் பிழையின் வேர் இங்குதான் உள்ளது. கட்டு உரிய காலம்வரை உறுதியாக இருந்தால்தான் பிரிவு செம்மையாக நடக்கும்.

கதிரை அழித்துவிட்டால் என்ன ஆகும்? குரோமோசோம்கள் நன்கு சுருண்ட நிலையில் பிரியமாட்டாமல் நின்றுவிடும். அவற்றை எண்ணுதற்கு அதுவே ஏற்ற தருணம். அதற்கு உதவும் பொருள்களுள் ஒன்று கால்ச்சிசின். இது நம் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் நிறைந்துள்ளது. மகளிர் விரலுக்குச் சங்கப் புலவர்கள் உவமை கூறிய அதே காந்தள். உழவர் கண்வலிக்கிழங்கு என்பர். குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் முதலில் நிற்கும் மலர் இது. வகுப்பில் எத்தனையோ முறை இதனைச் சொல்லிக் கடந்திருக்கிறோம். உயிரணுவின் கதிரை நிறுத்தும் பொருள் அதனுள் இருப்பதை அறியாமலே. அதன் நச்சுத்தன்மையும் இத்தொழிலோடு தொடர்புடையதே.

மனிதக் குரோமோசோம்கள் 48 என்றே 1920களிலிருந்து பாடநூல்கள் எழுதிவந்தன. தெளிவற்ற படங்களை வைத்துக்கொண்டு, முன்னோர் கூறிய எண் வரும்வரை மீண்டும் மீண்டும் எண்ணினார்கள் போலும். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பார் சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவான் என்பாருடன் சேர்ந்து, கால்ச்சிசின் இட்டு, அணுக்களைச் செறிவு குறைந்த நீர்மத்தில் உப்பச் செய்து எண்ணியபோது 46 மட்டுமே இருந்தன. 1956இல் அது வெளியாயிற்று. முப்பது ஆண்டுகள் அறிஞர் பலர் கண்ணால் கண்டும் காணாத எண் அது. மூத்தோர் சொல்லை ஆராயாது ஏற்கும் வழக்கம் நம் துறைக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்துகொண்டோம். சரியான எண் தெரிந்த மூன்றே ஆண்டுகளில், 1959இல், பாரிசில் லெழோன், மார்த்த கோத்தியே, துர்பென் ஆகிய மூவர் டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கு 47 இருப்பதை வெளியிட்டனர். அணுக்களை வளர்த்தெடுத்த அருஞ்செயல் கோத்தியே அம்மையாருடையது. நெடுங்காலம் புகழ் பெரும்பாலும் லெழோன் பக்கமே சென்றது.

கூடுதலாக வருவது 21ஆம் குரோமோசோம். பெரிய குரோமோசோம் ஒன்று கூடினால் கரு தங்குவதேயில்லை. பெரும்பாலும் கருச்சிதைவில் முடியும். 21ஆம் குரோமோசோம் எல்லாவற்றினும் சிறியது. புரதங்களுக்குரிய மரபணுக்கள் அதில் இருநூறுக்குச் சற்றே மேல். ஆதலின் குழந்தை பிறந்து வளர்கிறது. பேரளவு முதல் சிற்றளவு வரை வரிசையிட்டபோது இதனினும் 22 சிறியது எனத் தவறாகக் கணித்துவிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டதால் மாற்றவில்லை.

இந்த ஒன்று எங்ஙனம் கூடியது? முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நிகழ்வது குன்றல் பிரிவு. அதில் 46 என்பது 23 ஆகக் குறைய வேண்டும். இதற்குத் தாய்வழி 21ஆம் குரோமோசோமும் தந்தைவழி 21ஆம் குரோமோசோமும் முதலில் இணைசேர்ந்து, சில பகுதிகளை மாற்றிக்கொண்டு, கொஹீசின் கட்டினால் ஒன்றாக நிற்கும். பின்னர் இருமுறை பிரிவு நடக்கும். முதற்பிரிவில் கைப்பகுதியின் கட்டு மட்டும் அறும். இடைப்பகுதிக் கட்டினை சுகோசின் என்னும் புரதம் இரண்டாம் பிரிவு வரை காக்கும். ஜப்பானிய மொழியில் அதற்குக் காவல் தெய்வம் என்று பொருள். பெயரிட்டோர் மரபு அது. நாம் காவலன் என்று கொள்வோம்.

ஆணிடத்தில் இத்தொழில் பருவமெய்தியது முதல் தொடர்ந்து நடைபெறும். தொடக்கமும் முடிவும் சில வாரங்களுக்குள் அடங்கும். பெண்ணிடத்தில் அவ்வாறன்று. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் சில மாதக் கருவாக இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் குன்றல் பிரிவைத் தொடங்கிவிடுகின்றன. இணைசேர்ந்து, கட்டுண்டு, பாதி வழியில் நின்றுவிடுகின்றன. பின்னர்ப் பருவமெய்தி, மாதம் ஒன்றாக முட்டை முதிரும்போதுதான் முதற்பிரிவு நிறைவுறும். இருபதோ முப்பதோ நாற்பதோ ஆண்டுகள் அக்கட்டு அப்படியே காத்திருக்க வேண்டும். அன்று போட்ட கொஹீசின் வளையங்கள் பின்னர்ப் புதுப்பிக்கப்படுவதாகத் தெரியவில்லை; வயதான எலிகளின் முட்டைகளில் அவை குறைந்து போயிருப்பதை 2010இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. கட்டுத் தளர்ந்தால் இறுக்கம் தளரும். இறுக்கம் தளர்ந்தால், மேலே கூறிய சோதனை ஏமாறும். இரண்டு படிகளும் ஒரே பக்கம் போய்விடும். 24 குரோமோசோம்களுடன் ஒரு முட்டை உருவாகிவிடும்.

மூன்றாம் 21ஆம் குரோமோசோம் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு முட்டையின் வழியே வருகிறது. சிலருக்கு விந்தணுவின் வழியேயும் வருவதுண்டு. தாயின் வயது இருபத்தைந்தில் ஏறத்தாழ 1250 பிறப்புக்கு ஒன்று, முப்பத்தைந்தில் ஏறத்தாழ 350க்கு ஒன்று, நாற்பதில் 100க்கு ஒன்று என்று இது நேர்கிறது. நம் மாணவிக்கு வயது இருபத்தாறு. அப்படியானால் அவருக்கு ஏன் என்னும் வினா எழும். எவ்வயதிலும் இப்பிழை நேரக்கூடும். இளம் வயதிலேயே மிகப்பலர் பிள்ளை பெறுவதால், டவுன் சின்ட்ரோம் குழந்தைகளின் தாய்மாருள் இளையோரே எண்ணிக்கையில் மிகுதி.

சொந்தத்தில் மணந்ததால் என்னும் கூற்று பொருந்தாது. நெருங்கிய உறவில் மணப்போருக்கு வேறுவகை நோய்கள் மிகக்கூடும் என்பது மெய்யே. தலசீமியா, பிறவிச் செவிட்டுத்தன்மை முதலியவற்றுள் பல, தாய் தந்தை இருவரிடத்தும் மறைந்துள்ள ஒரே மரபணுப் பிழை குழந்தையிடம் சேர்வதால் வருவன. அப்பொருளில் உறவுத் திருமணம் பற்றி எச்சரிப்போர் சொல்லை நாம் புறக்கணிக்க வேண்டுவதில்லை. ஆனால் அவை எழுத்துப் பிழைகள். இஃது எழுத்துப் பிழையன்று. சுவடி பார்த்த அனுபவமுடையோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம்: ஏட்டில் ஓர் எழுத்தும் பிசகவில்லை, கட்டும்போது ஒரு சுவடியின் படி ஒன்றுக்கு இரண்டாகக் கட்டில் சேர்ந்துவிட்டது. இருவரும் உறவினரா அயலாரா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உண்ட மருந்துக்கும் உண்ணாத மருந்துக்கும் தொடர்பில்லை.

ஒன்றை மட்டும் மறைக்கலாகாது. நூற்றுக்கு மூன்று நான்கு குழந்தைகளிடம் அந்த மூன்றாம் குரோமோசோம் தனித்து நிற்காமல் வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அத்தகைய ஒட்டினைத் தாயோ தந்தையோ, யாதொரு நோயுமின்றி, தம் உடலில் தாங்கியிருக்கக்கூடும். அப்போது பெற்றோர் இருவரும் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். அடுத்த பிள்ளைக்கும் நேர வாய்ப்புண்டு. அறிக்கையைப் பார்த்தாலே இது விளங்கும். நம் மாணவியின் அறிக்கையில் அவ்வாறு இல்லை.

இவையெல்லாம் தெரிந்த பின் மீண்டும் அவ்வில்லத்திற்குச் சென்றோம். அறிக்கையை மேசைமேல் விரித்து, கதிரையும் கட்டையும் ஒரு தாளில் வரைந்து காட்டினோம். மாமியார் அருகில் வந்து அமர்ந்தார். முட்டைகள் உருவான நாளில் உங்கள் மருமகள் பிறந்திருக்கவே இல்லை, அவருடைய தாயின் வயிற்றில் இருந்தார் என்று கூறியபோது, அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர்க் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, படத்தின் கடைசி வரிசையில் இருந்த மூன்று சிறு கோடுகளை உற்றுப் பார்த்தார். "இதுல கூட வந்தது எதுங்க?" என்று கேட்டார். மூன்றும் ஒரே அளவு. மூன்றிலும் ஒரே பட்டைகள். இதுதான் கூடுதல் என்று படத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது என்றோம். இத்தகைய குழந்தைகளுள் பாதிப்பேர் அளவுக்கு இதயத்தில் குறை இருக்கக்கூடுமாதலால் இதயப் பரிசோதனை தவறாமல் செய்யவேண்டும் என்று மருத்துவர் குறித்திருந்த நாள் அடுத்த வியாழக்கிழமை. தாமும் உடன் வருவதாக மாமியார் மருமகளிடம் கூறினார்.